வேண்டாம் என்று சொன்ன தக்காளி

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில், வெயிலுக்கும் வெயிலுக்கும் நடுவில் என்றும் சொல்லலாம், தூத்துக்குடியில் எங்கள் கலங்கரை அபார்ட்மெண்ட்ஸ் நிற்கிறது. நாலு மாடி, பதினெட்டு வீடு, ஒரு லிஃப்ட், அது ஓடுகிற நாளைவிட 'பழுது' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற நாளே அதிகம். அந்தக் கட்டிடத்தின் மொட்டை மாடியில் ஒரு சித்திரை மாதம் செடிகளெல்லாம் தண்ணீர் குடிக்க வெட்கப்பட்டன, அவற்றைப் பதினெட்டு வீட்டுக்காரர்களும் முறை வைத்து உபசரித்துக் குடிக்க வைத்தோம், அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களை உட்கார வைத்து நம்ப வைக்க எனக்குப் பொறுமை கிடையாது. எனக்குப் பொறுமை கிடையாது என்பதுதான் இந்தக் கதையே.

என் பெயர் பெர்பெத்துவா. கான்வென்ட்டில் படித்தவள். அங்கே சிஸ்டர் கில்பர்ட்டா மத்தியானம் உப்புமா வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வருவார், "வேணுமா?" என்று ஒரு தடவை கேட்பார், நெளிந்துகொண்டு "வேண்டாம் சிஸ்டர்" என்றால் வாளி அடுத்தவளுக்குப் போய்விடும், மறுநாள் மத்தியானம்தான் திரும்பி வரும். இரண்டு நாள் பட்டினி கிடந்தேன், மூன்றாம் நாளிலிருந்து வேண்டியதை வேண்டும் என்றும் வேண்டாததை வேண்டாம் என்றும் சொல்லப் பழகினேன், பிறரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன், அந்த நினைப்பிலேயே கல்யாணமும் பண்ணிக்கொண்டேன். கல்லூரியில் பாட்டனி. வேர்த்தூவி மண்ணிலிருந்து தண்ணீரை எப்படி உறிஞ்சுகிறது என்று படம் வரைந்து பாகங்களைக் குறித்து பத்துக்குப் பத்து வாங்கியவளால் இருபத்தாறு வருஷமாக ஒரு கறிவேப்பிலைக் கன்றை உயிரோடு வைத்திருக்க முடியவில்லை. எங்கள் போர்வெல் தண்ணீரில் சோறு வடித்தால் உப்புப் போட வேண்டாம். பால்கனியில் நான் வைத்த தொட்டிகள் ஒவ்வொன்றாகக் கருகி, கடைசியில் கல்லறைத் தோட்டம் மாதிரி வரிசையாக நின்றன, சிலுவை ஒன்றுதான் பாக்கி.

ஆகவே எங்கள் அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்தில் ஹெப்சிபா வந்து பேசியபோது நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். நாசரேத்துப் பெண், விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள், முப்பது வயசு, கூந்தலை ஒரு பென்சிலைச் செருகிக் கொண்டை போட்டிருப்பாள். மண்ணே வேண்டாம், குழாய்க்குள் சத்துக் கரைத்த தண்ணீர் ஓடும், மேலே துளை போட்டுச் செடியை நிறுத்தினால் வேர் கீழே தொங்கி வேண்டியதைக் குடித்துக்கொள்ளும், மிச்சத் தண்ணீர் தொட்டிக்கே திரும்பும், மண்ணுக்கு ஊற்றுவதில் பத்தில் ஒரு பங்கு போதும், மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தே சமாளிக்கலாம், லாரியில் விடிய விடியக் குலுங்கி வந்து நம் கூடையில் உயிரை விடுகிற தக்காளிக்குப் பதிலாக நாலு மாடி இறங்கி வருகிற தக்காளியைச் சாப்பிடலாம் என்றாள். தொண்ணூறு நாள் சோதனை. தொண்ணூறாம் நாள் கல்லூரியிலிருந்து அதிகாரிகள் வருவார்கள். செடிகள் காயோடு நின்றால் குழாயும் தொட்டியும் எங்களுக்கே, ஊரில் இன்னும் இருபது கட்டிடங்களுக்கும் வரும். காய்ந்து கிடந்தால் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்கள் செயலாளர் சங்கரலிங்கம், துறைமுகத்தில் ரிட்டயர்டு ஆனவர், வீட்டிலும் கப்பல்களுக்கு உத்தரவு போடுகிற குரலில்தான் காப்பி கேட்பார், அவருக்கு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டுத் தியான மண்டபம் கட்ட ஆசை.

"சித்திரை வெயில்ல தகரத்துக்கு அடியில உக்காந்தா தியானம் எதுக்கு, நேரா மோட்சம்தான்" என்றேன்.

"அப்ப நீங்களே பொறுப்பு எடுத்துக்கிடுங்க மேடம். தொண்ணூறு நாள்ல விளையலன்னா மாடி மண்டபத்துக்கு. கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். கல்யாண ரிஜிஸ்டருக்கு அப்புறம் நான் யோசிக்காமல் போட்ட கையெழுத்து அதுதான்.

நாற்பது நாள் செடிகள் குழந்தைகள் மாதிரி இருந்தன. மோட்டார் ஓடினால் குடித்தன, நின்றால் தூங்கின. தண்ணீருக்குள் நிற்கிற சென்சார்கள் அதன் புளிப்பையும் உப்பையும் சூட்டையும் அளந்து ஹெப்சிபாவின் போனுக்கும் என் போனுக்கும் சொல்லின. சாம்பார் கொதிக்கும்போதுகூட நான் போனை எடுத்துப் பார்த்து "புளிப்பு ஆறு, நல்லது" என்று சொல்லிக்கொண்டேன். சாம்பாரில் புளி ஏறிவிட்டது என்று வீட்டுக்காரர் லிகோரி முணுமுணுத்தார், அவர் எப்போதுமே முணுமுணுப்பார், சத்தமாகப் பேச வேண்டியதையெல்லாம் நானே பேசிவிடுவதால் அவருக்கு மிச்சம் அதுதான். நாற்பதாம் நாள் தக்காளி பூ விட்டது. வயசுக்கு வந்த மறுநாளே அதற்கு மரியாதை தெரிந்துவிட்டது.

நாற்பத்தோராம் நாள் காலை மோட்டார் ஓடித் தண்ணீர் குழாய்க்குள் வந்ததும் தக்காளிச் செடி தன் அடியிலையை இறக்கி, தான் நிற்கிற துளையை மூடிக்கொண்டது. போதும் என்பதற்குத் தம்ளர் மேல் உள்ளங்கையை வைப்போமே, அப்படி. குழாயின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை வேர்களெல்லாம், மழைத் தண்ணீரில் நடக்கிறவள் சேலையைத் தூக்கிப் பிடித்த மாதிரி, ஒரு விரல்கடை உயரத்துக்குச் சுருண்டு நின்றன. தண்ணீர் அடியில் ஓடி ஒரு சொட்டுக் குறையாமல் தொட்டிக்குத் திரும்பியது. பக்கத்தில் கத்தரியும் அப்படியே. வெண்டை, பாகல், கொத்தமல்லி, எல்லாம் இலையை இறக்கி மூடிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றன.

ஹெப்சிபா தண்ணீரை மாற்றினாள், சத்தை மாற்றினாள், வெயிலுக்கு மேலே கட்டியிருந்த பச்சை வலையை இன்னொரு மடிப்புப் போட்டாள்.

"ரீடிங் எல்லாம் கரெக்டா இருக்கு ஆன்ட்டி."

"ரீடிங் கரெக்டா இருக்கு, செடி சாகப் போகுது. ரீடிங்கை வச்சு ரசம் வைக்கவா?"

நாற்பத்து மூன்றாம் நாள் மூன்றாம் மாடி பாத்திமுத்து துணி காயப்போட வந்தாள். காயல்பட்டினத்துக்காரி, கரண்டு மீட்டர் பார்க்க வருகிற ஆளைக்கூட ஒரு துண்டு தம்மடைப் பலகாரம் தின்னாமல் படியிறங்க விடமாட்டாள். வாளியை வைத்துவிட்டு, வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டே தக்காளியைப் பார்த்தாள்.

"அட, இதென்ன கூச்சம்? நம்ம வீடுதானே. ஒரு மடக்குக் குடிம்மா."

இலை அசையவில்லை. பாத்திமுத்து ஒரு சட்டையை உதறிப் போட்டாள்.

"எவ்வளவு நேரமா வெயில்ல நிக்கிறே, மூஞ்சி எப்படி வாடிக்கிடக்கு பாரு. எனக்காக ஒரு மடக்கு."

இலையின் ஓரம் லேசாக நடுங்கியது. பாத்திமுத்து கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"நீ இப்படி வெறும் வயித்தோட நின்னா எனக்கு இன்னைக்கிச் சோறு இறங்குமா, நீயே சொல்லு?"

இலை எழுந்தது. வேர்கள் இறங்கின. குழாய்க்குள் களுக் களுக் என்று, நோன்பு திறக்கிற நேரத்து முதல் தம்ளர் மாதிரி, சத்தம் கேட்டது. பாத்திமுத்து லுங்கியைப் பிழிந்தாள். "ஒண்ணுமில்லக்கா, வெட்கப்படுது" என்றாள்.

அதைக் கேட்டு எங்கள் கட்டிடத்தில் யாரும் மூக்கின் மேல் விரல் வைக்கவில்லை. வைப்பதற்கு என்ன இருக்கிறது? இந்த ஊரில் முதல் தடவை கேட்டு யார் எதைக் குடித்திருக்கிறார்கள், செடி மட்டும் குடிப்பதற்கு? முதல் 'வேண்டாம்' மரியாதை, இரண்டாவது 'வேண்டாம்' கூச்சம், மூன்றாவது 'வேண்டாம்' கொஞ்சம் இழுத்தாற்போல வரும், அப்போது ஊற்றிவிட வேண்டும். இதைப் பால்குடி மறந்த பிள்ளைகூடத் தெரிந்து வைத்திருக்கிறது. "மிஷின் ஒரு வார்த்தை கேக்காம கொண்டாந்து ஊத்துனா எந்த மானஸ்தன் குடிப்பான்?" என்று இரண்டாம் மாடியில் சொன்னார்கள். "என் மருமகனைவிட இதுக்கு இங்கிதம் தெரிஞ்சிருக்கு" என்று முதல் மாடியில் சொன்னார்கள். ஹெப்சிபா மட்டும் ஐந்து நிமிஷம் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தாள், பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, நோட்டில் புளிப்பு, உப்பு, சூடு என்ற மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒரு கட்டம் போட்டு, 'உபசாரம்: மூன்று தடவை' என்று எழுதினாள்.

மறுநாள் சங்கரலிங்கத்தின் சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் வந்தது. 'மொட்டை மாடிச் செடிகளை உபசரிக்கும் முறைப்பட்டியல். காலை, மதியம், மாலை. வர இயலாதோர் முன்கூட்டியே தெரிவிக்கவும். செடிகள் முன் குடும்பச் சண்டை கூடாது.' பதினெட்டு வீடும் முறை வைத்து ஏறியது, லிஃப்ட் கழுத்தில் அட்டையோடு நின்றதால் படியேறியது, மூச்சு வாங்கிக்கொண்டே வற்புறுத்தியது, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னால் செடிகள் சீக்கிரம் இரங்குகின்றன என்றும் கண்டுபிடித்தது. கொத்தமல்லி இரண்டாவது தடவையிலேயே ஒத்துக்கொண்டுவிடும், பசிக்கிற குடும்பத்தில் பிறந்தது போலிருக்கிறது. பாகல் ஐந்து தடவை கேட்க வைக்கும், குடித்த பிறகும் முகத்தைச் சுளிக்கும். வெண்டை வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாம். அது தெரியாமல் முதல் மாடித் தம்பதி ஒரு நாள் முழுக்கக் கெஞ்சி ஊற்ற, மறுநாள் ஒரு வெண்டையின் வேர் அழுகிவிட்டது. அதிலிருந்து, வாயால் சொல்வது போதாது, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி கூடியது. சங்கரலிங்கம் தன் முறையன்று வந்து நின்று "குடிக்கவும்" என்றார். செடிகள் அடியிலையோடு மேலிலைகளையும் மூடிக்கொண்டன.

ஹெப்சிபா பாத்திமுத்துவின் குரலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் வைத்தாள். முதல் நாள் குடித்தன. இரண்டாம் நாள் ஸ்பீக்கர் "எனக்காக ஒரு மடக்கு" என்று சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள்ளேயே "வெறும் வயித்தோட நின்னா" என்று ஆரம்பித்ததும் கண்டுபிடித்துவிட்டன. நம்மைப் பார்க்காமல் பேசுகிறவரிடம் யார் வாங்கிக் குடிப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை என் முறை. நான் போய் நின்றேன்.

"வேணுமா?"

இலையால் மூடிக்கொண்டன.

"சரி" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அடுப்பில் பால் இருந்தது.

இரண்டு செவ்வாய் இப்படி ஆனதும் வாட்ஸ்அப்பில் என் பெயரைச் சொல்லாமல் என்னைத் திட்டினார்கள். திட்டட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தானே? இவ்வளவு படித்த எனக்கு ஒரு தக்காளியிடம் கெஞ்சத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் பிடிக்கவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டவள் நான். இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக என் தலைக்கு மேலே என் பொறுப்பில் காய்கள் காய்த்திருந்தன, பச்சையாக, குண்டாக, விரல் பட்டால் மணக்கிற மாதிரி. அடுக்களையில் நிற்கும்போது சீலிங்கை அண்ணாந்து பார்த்துக்கொள்வேன்.

அறுபதாம் நாள் பாத்திமுத்து மகளுடைய பிரசவத்துக்குக் காயல்பட்டினம் போனாள், நாற்பது நாள் கழித்துத்தான் வருவாள். மற்றவர்களுக்கும் வாய் வலித்துவிட்டது. பள்ளிக்கூடம் லீவு, பாதி வீடு ஊருக்குப் போயிற்று. இருக்கிறவர்கள் நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னார்கள், ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு சொன்னார்கள்; செடிகளோ நாளுக்கு நாள் ரோஷம் ஏறி, மூன்று தடவை நாலாகி, நாலு ஏழாகி, ஏழு ஒன்பதாகி, அறுபத்தெட்டாம் நாள் எதற்கும் இலையைத் தூக்கவில்லை. அக்கினி நட்சத்திர வெயில். தண்டு துவண்டது. பிஞ்சு சுருங்கியது. ஹெப்சிபா கொண்டை போடவும் மறந்து பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்தச் சோதனை தோற்றால் அவளுடைய ஆராய்ச்சியும் லாரியில்தான் ஏறும். நான் மேலே போனபோது சங்கரலிங்கம் டேப்பைப் பிடித்து மாடியை நீளவாக்கில் அளந்துகொண்டிருந்தார்.

"சும்மா பாத்து வச்சுக்கிடுவோம்னுதான் மேடம்."

"உயிர் போகுறதுக்கு முன்னாலேயே பெட்டிக்கு அளவெடுக்கீங்க."

அன்று மத்தியானம் லிகோரி சோற்றைப் பிசைந்துகொண்டே முணுமுணுத்தார். "அக்காவைக் கூப்பிட்டா..."

"எந்த அக்கா?" என்றேன். அவருக்கு ஒரே அக்காதான்.

அமலோற்பவம் மைனி. அவர்கள் கையால் சாப்பிட்டு எழுந்தவர்கள் யாரும் நேராக நடந்ததில்லை. கோயில் அசன விருந்தில் மைனி பரிமாறுகிற பந்தியில் உட்கார ஆண்கள் பயப்படுவார்கள். எங்கள் பங்குச்சாமி ஒரு தடவை அவர்கள் வீட்டில் பதினோரு பணியாரம் தின்றுவிட்டு, மாலைப் பூசைக்கு வேறு சாமியாரை அனுப்பினார். அப்படிப்பட்ட மைனி பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சீலா மீன் குழம்பு வைத்திருந்தேன். "மைனி, இன்னொரு துண்டு?" என்றேன். "வேண்டாம்ட்டி" என்று தட்டின் மேல் கையை வைத்தார்கள். நான் சட்டியை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. மைனி எழுந்தார்கள், கை கழுவினார்கள், பையை எடுத்தார்கள், போனார்கள். அதற்கப்புறம் எங்கள் வாசல்படியை மிதிக்கவில்லை. சாவு வீடுகளில் பார்த்தால் பிணத்துக்குக் காட்டுகிற அளவுக்குக்கூட எனக்கு முகம் காட்டுவதில்லை. வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு வைக்காமல் இருந்தது குற்றமா என்று நான் பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், லிகோரி பதினோரு வருஷமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எழுபதாம் நாள் குரூஸ்புரத்துக்கு பஸ் ஏறினேன். தொண்டை வறண்டு போய் மைனி வீட்டுக்குள் நுழைந்தேன். அறுபத்து மூன்று வயசு, நல்ல கனம், மடியில் முருங்கைக்கீரையை வைத்து உருவிக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்தார்கள்.

"வா." ஒரு இணுக்குக் கீரையை உருவினார்கள். "காப்பி குடிக்கியா?"

நான் காப்பிக்காகச் செத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும், வந்த காரியத்தை நினைத்து, ஊர் வழக்கப்படி நடப்போம் என்று வாழ்க்கையில் முதல் முறையாக, "வேண்டாம் மைனி" என்றேன்.

"சரி" என்றார்கள். எழுந்து போய்க் காப்பிப் பாத்திரத்தின் மேல் தட்டைப் போட்டு மூடினார்கள். டங் என்று சத்தம் கேட்கிற மாதிரி மூடினார்கள். திரும்ப வந்து கீரையை எடுத்துக்கொண்டார்கள். பதினோரு வருஷம் காத்திருந்து போட்ட மூடி.

விழுங்கிக்கொண்டேன், விழுங்க எச்சில்கூட இல்லை. விஷயத்தைச் சொன்னேன். செடிகள் குடிக்க மாட்டேன் என்கின்றன என்றதும் மைனி ஆச்சரியப்படவில்லை, "யார் போய்க் கேட்டது?" என்று மட்டும் கேட்டார்கள். "நானும்தான்" என்றேன். "ம்" என்றார்கள், அந்த 'ம்'மில் எல்லாம் இருந்தது.

"நீங்க வரணும் மைனி."

"இல்லட்டி. முட்டு வலி. நாலு மாடி எப்படி ஏறுவேன்?"

என் கால்கள் தாமாகவே எழுந்திருக்கப் பார்த்தன. அவற்றுக்குச் சிஸ்டர் கில்பர்ட்டா கொடுத்த பயிற்சி அப்படி. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மெதுவா ஏறலாம் மைனி, நான் கையப் பிடிச்சுக்கிடுதேன்."

"கீரை கிடக்கு."

"நான் உருவித் தாரேன்."

"பூனை பட்டினி கிடக்கும்."

"பூனையையும் கூட்டிட்டுப் போவோம்."

"வெயில்."

"குடை இருக்கு."

"மாத்திரை போடணும்." "அங்க வந்து போடுங்க." "பால்காரன் வருவான்." "பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போவோம்." சேலைத் தலைப்புக்குள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தேன்; மூன்று போயிற்று, நாலு போயிற்று, செடிகளுடைய ஒன்பதும் போயிற்று, பத்தாவதாக நல்ல சேலை ஒன்றுகூட இஸ்திரி போடவில்லை என்றார்கள், பதினொன்றாவதாக, "கூப்பிடணும்னு கூப்பிடுத. மனசுல இல்ல" என்றார்கள். வருஷத்துக்கு ஒன்று.

எனக்கு வெடித்துவிட்டது. "வராட்டிப் போங்க! மனசுல இல்லயாம் மனசுல! பதினோரு வருஷமா அந்த வீட்டுக்குள்ள சீலா மீன் வாங்கினதில்ல, தெரியுமா? உங்க தம்பி ஆசையாக் கேட்டாலும் வாங்கினதில்ல. அந்தச் சட்டியைத் தொட்டா அன்னைக்கி மூடி வச்ச சத்தம்தான் கேக்கு. எனக்கு ஒரு தடவைக்கு மேல கேக்கத் தெரியாது மைனி. யாரும் சொல்லித் தரல. நான் என்ன செய்ய?"

கீரை உருவுகிற கை நின்றது. மைனி என்னை, தராசில் மீனைப் பார்க்கிற மாதிரி, ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"சீலாவா?"

"ஆமா."

"பதினோரு வருஷமா?"

"ஆமாங்கேன்லா."

மைனி மடியை உதறி எழுந்தார்கள். "ஆட்டோவைக் கூப்பிடு. பஸ்ஸுல என்னால தொங்க முடியாது." பிறகு அடுக்களைக்குப் போய் அந்தக் காப்பியைச் சுட வைத்துக் கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல், என் கையில் திணித்தார்கள்.

அன்று லிஃப்ட் ஓடியது. அதற்கும் பயம் இருக்கும் அல்லவா?

மாடியில் மைனி செடிகளைப் பார்த்துத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்கள், முட்டியை நீவிக்கொண்டு, வந்த களைப்பைச் சொன்னார்கள், ஆட்டோக்காரன் பள்ளத்தில் விட்டதைச் சொன்னார்கள், கத்தரியிடம் அதன் நிறம் தம் கல்யாணப் பட்டு மாதிரியே இருக்கிறது என்றார்கள், பாகலிடம் "உனக்கு மட்டும் கோவம் வராதா, வரத்தான் செய்யும்" என்றார்கள். செடிகள் ஒவ்வொன்றாக முகத்தைத் திருப்பின. அப்புறம்தான், "எனக்குத் தாகமா இருக்கு. நீங்க குடிக்காம நான் மட்டும் எப்படிக் குடிக்க?" என்று தண்ணீர்ச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். மைனியின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி மூக்கு நுனியில் நின்றது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் முதலில் தக்காளிதான் இலையைத் தூக்கியது, உடனே எல்லாம் தூக்கின, தொட்டியில் தண்ணீர் கண்ணெதிரே விரல்கடை விரல்கடையாக இறங்கியது. ஹெப்சிபா பென்சிலும் நோட்டுமாக ஓடினாள். போனில் சென்சார், தொட்டி காலி, தொட்டி காலி என்று அலறியது.

மைனி இருபது நாள் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள், பூனையும்தான். செடிகள் வளர்ந்தன என்று சொல்வது போதாது. தண்டு கை பருமன் ஆயிற்று, தக்காளி வலையைத் தூக்கிக்கொண்டு நின்றது, பாகல் சங்கரலிங்கத்தின் டிஷ் ஆண்டெனாவின் தோளில் கை போட்டுக்கொண்டது.

தொண்ணூறாம் நாள் அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள், இஸ்திரி சட்டை, தோளில் பை. காயை எண்ணினார்கள், எடை போட்டார்கள், எழுதினார்கள். திருப்தி என்று தலையாட்டினார்கள். கிளம்பும்போது ஹெப்சிபா, "சார், ஆளுக்கு ரெண்டு தக்காளி எடுத்துக்கோங்க" என்றாள்.

"சே சே, வேண்டாம்மா. நாங்க அதெல்லாம் வாங்குறதில்ல."

அவ்வளவுதான். தக்காளிக் கொடி குனிந்து பெரியவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. "வேண்டாம், வேண்டாம்" என்றார். கத்தரி வழியை மறித்தது. "ஐயோ, இப்பத்தான் வாங்கினோம்" என்று சின்னவர் பொய் சொன்னார். மூன்றாவது 'வேண்டாம்' கொஞ்சம் இழுத்தாற்போல வந்ததோ இல்லையோ, பழங்கள் தாமாகக் காம்பை விட்டு அவர்கள் பையில் விழுந்தன, சட்டைப் பையில் விழுந்தன, பேனா வைக்கிற இடத்தில் ஒரு வெண்டைக்காய் செருகிக்கொண்டது. சங்கரலிங்கமும் தப்பவில்லை, கைகளில் இரண்டு பாகற்காயோடு, பிள்ளை தூக்கத் தெரியாதவர் மாதிரி நின்றார். அதிகாரிகள் படியிறங்கும்போது நேராக நடக்க முடியாமல்தான் இறங்கினார்கள். மைனி மேலே நின்று, "ஒண்ணுமே எடுத்துக்கலயே" என்று அங்கலாய்த்தார்கள்.

குழாய் எங்களுக்கு. மாடி எங்களுக்கு. ஹெப்சிபாவுக்கு இன்னும் இருபது கட்டிடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார், நாலு சென்சார், ஒரு மைனி வேண்டும் என்று அறிக்கையில் எழுதினாள்.

அன்று மத்தியானம் சீலா மீன் வாங்கினேன். மாடித் தக்காளியைக் கரைத்துக் குழம்பு வைத்தேன். லிகோரியும் ஹெப்சிபாவும் தின்று முடித்துச் சாய்ந்துவிட்டார்கள். மைனி தட்டின் மேல் கையை வைத்தார்கள்.

"போதும்ட்டி."

கரண்டியோடு நின்றேன். சட்டி மூடி என் இடது கையில் இருந்தது. அதை மேசைக்கு அடியில் தள்ளினேன்.

"இன்னும் ஒரு துண்டு மைனி."

"வேண்டாம்."

"நடுத்துண்டு."

"வேண்டாங்கேன்லா."

"மாடியில இருக்கிற அதுங்க கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

கை, ஒரு விரல்கடை உயரத்துக்கு, எழுந்தது. வைத்தேன். மைனி தலை நிமிராமல் தின்று முடித்து, எழுந்து கை கழுவிவிட்டு வந்து, என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"உக்காரு. நீ எப்பம்ட்டி சாப்பிட்ட? காலையில இருந்து நிக்க."

அந்த மேசையில் இருபத்தாறு வருஷமாக நான் உட்கார்ந்ததெல்லாம் எல்லோரும் எழுந்த பிறகுதான். என் முன்னால் தட்டு வந்தது, சோறு வந்தது. கரண்டியில் ஒரு பெரிய துண்டு, குழம்பு சொட்ட, என் தட்டுக்கு மேலே வந்து நின்றது.

"வைக்கட்டா?"

பசி காதை அடைத்தது. சிஸ்டர் கில்பர்ட்டாவின் வாளி ஞாபகம் வந்தது. குரூஸ்புரத்துக் காப்பியும் டங் என்ற அந்தச் சத்தமும் ஞாபகம் வந்தன. இருந்தாலும் தட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டேன்.

"வேண்டாம் மைனி. எனக்குப் பசிக்கல" என்றேன்.

மைனி என்னைப் பார்த்தார்கள். கரண்டி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் கையை எடுக்காமல், ஒன்று, என்று மனசுக்குள் எண்ணினேன்.